மலை அணியில் ஒரு கிளிஞ்சல்மேட்டுக்காரன்

அவைக்கு வணக்கம் சொல்லாமல் நான் தொடங்குகிற முதல் உரை இது. எழுத்துக்கு அவை கிடையாது. நேரம் முடிந்ததென்று மணியடிக்க நடுவரும் கிடையாது. அந்தத் துணிவில், சென்ற கோடையில் கொடைக்கானல் போய்வந்த மூன்று நாள்களை, என் புகழுக்குக் கேடு விளைவிக்கும் பகுதிகள் உட்பட, மறைக்காமல் எழுதுகிறேன்.

புகழ் என்று நான் சொல்வது கற்பனையன்று. காரைக்காலை ஒட்டிய கிளிஞ்சல்மேடு என்னும் மீனவக் குப்பத்தில் பிறந்து, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் எனக்கு, அதற்குள் ஏழு கோப்பைகள். அவற்றுள் நான்கு, மலையைப் போல் உறுதி, மலையைப் போல் உயர்வு, மலையைப் போல் அமைதி என்று முழங்கிப் பெற்றவை. மலையை நான் கண்டதில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு மனிதன் ஏறி இறங்கத்தக்க உயரம் அரசலாற்றுப் பாலம் ஒன்றே. அதில் ஏறுவதற்கே என் மிதிவண்டியை விட்டு இறங்கித் தள்ள வேண்டியிருக்கும்.

மீதி மூன்று கோப்பைகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுவது நேர்மை. அவை கடலைப் பழித்துப் பெற்றவை. சுனாமி வந்து நான்காவது கோடை அது. கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊர்களின் மேடைகளில், ‘என் தெருவில் ஒரு குழந்தை இருந்தாள்’ என்று தொடங்கி, குரலை ஒரு படி இறக்கி, மனத்துக்குள் மூன்று எண்ணும்வரை நிறுத்தி, ‘ஐந்தே வயது, கையில் ஒரு பொம்மை’ என்று முடித்தால் முன்வரிசையில் கைக்குட்டைகள் வெளிப்படும். குழந்தை பொய்யன்று. எங்கள் விசைப்படகில் வலை இழுக்கும் செல்வம் அண்ணனின் மகள் ரஞ்சனிதான் அவள். மூன்று ஊர்களில் அவள் எனக்கு வென்று கொடுத்தாள். இந்தச் செய்தி செல்வம் அண்ணனுக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்பதே இந்தப் பயணம் முழுவதும் நான் வயிற்றில் கட்டிச் சுமந்த கல்.

பயணம் வந்த வழி இது. கோடையில் மீன்களின் இனப்பெருக்கத்துக்காக நாற்பத்தைந்து நாள் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறி நிற்கும். படகில் போகிறவர்கள் கிழிந்த வலை பொத்தியும், பகலில் உறங்கியும், மனைவிமாரிடம் ஏச்சு வாங்கியும் காலம் தள்ளுவார்கள். படகின் உரிமையாளரும் ஓட்டுநருமான என் அப்பா, ஆண்டுதோறும் அந்நாள்களில் தம் ஆட்களை எங்காவது அழைத்துப் போவார். இந்த ஆண்டு எங்கே என்ற பேச்சு எழுந்தபோது, நான் நடுவில் புகுந்து, கொடைக்கானலின் குளிர்ச்சி குறித்துப் பத்து நிமிடம் சொற்பொழிவாற்றினேன். என் சொல்வன்மைக்கு மயங்கி அவர்கள் இசைந்தார்கள் என்று அன்று நம்பினேன். உண்மைக் காரணத்தை நான் பாதிதான் சொல்லியிருந்தேன். கோடை விழாவையொட்டி அங்கே ஒரு மன்றம் சொற்போர் நடத்துகிறது. தலைப்பு, ‘மனிதனை உயர்த்துவது மலையா, கடலா?’ ‘சின்னப் போட்டி’ என்று மட்டும் வீட்டில் சொல்லிவிட்டு, மலை அணிக்கு நான் பெயர் கொடுத்திருந்தேன். இலவசமாக ஊர்தி கிடைக்கும். காதுகள் மட்டும் உடன் வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

விடியலில் புறப்பட்டோம். நெரவிக்காரரான ஜமால் பாயின் வேன், படகுகள் ஏற்றி வைத்திருந்த மணல் திட்டுக்கருகே வந்து நின்றது. பாய் எட்டு ஆண்டு துபாயில் லாரி ஓட்டித் திரும்பியவர். அப்பா சக்கரத்தருகே தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, படகு கிளம்பும்போது சொல்கிற அதே குரலில், “ஏறுங்கடா” என்றார். பன்னிரண்டு பேரும் ஏறினார்கள். நானும் ஏறினேன். பாய் ஐஸ் பெட்டியைப் பின்னால் ஏற்றினார். அதில் தடையில்லாத நாட்டுப் படகுக்காரர்களிடம் வாங்கிய மீன். மலையில் மீன் என்ற பெயரில் எதையாவது தின்ன நேருமோ என்று அப்பாவுக்கு அச்சம்.

நான்கு மணி நேரம் கழித்து ஒரு தேநீர்க் கடையில் இறங்கியபோது, முதலில் காலை வைத்த செல்வம் அண்ணன் “ஆ” என்று துள்ளினார். தரை சுட்டது. குனிந்து தம் பாதங்களைப் பார்த்தார். பிறகு எங்கள் பாதங்களைப் பார்த்தார்.

“அண்ணே, செருப்பு எங்கண்ணே?”

படகில் ஏறுமுன் செருப்பை மணலில் கழற்றிவிடுவது எங்கள் வழக்கம். படகின் மேல் செருப்புக்கால் படக்கூடாது. தேங்காய், சூடம், அப்பாவின் குரல் மூன்றும் சேர்ந்ததும் எங்கள் கால்கள் தாமாகவே வழக்கத்தைச் செய்து முடித்திருந்தன. பன்னிரண்டு இணைச் செருப்புகள் கிளிஞ்சல்மேட்டு மணலில் வரிசையாக நின்றுகொண்டிருந்தன.

அவர்களைப் பார்த்து நான் நகைத்தேன். மரபுக்கு அடிமைப்பட்ட மனிதன் எவ்வாறு சிந்தனையை இழக்கிறான் என்று ஓர் எடுப்பான வாக்கியத்தையும் தொடங்கிவிட்டேன்.

“தம்பி, உன் ஷூவ எங்க வச்சிருக்க?” என்றார் ஜமால் பாய்.

மேடைக்கென்றே வாங்கிய புதிய தோல் காலணிகள். பதின்மூன்றாவது இணையாக, வரிசையின் கடைசியில், அவையும் அங்கேதான் நின்றன. பதினான்கு வயதில் ஒரே ஒரு முறை கடலுக்குப் போய், கரை திரும்பும்வரை வாந்தி எடுத்து, ‘இவன் ஆக மாட்டான்’ என்று படகிலிருந்து விலக்கப்பட்டவன் நான். அதை என் கால்களிடம் யாரும் சொல்லவில்லை போலும்.

அடுத்த மாவட்ட எல்லையைத் தாண்டியதும் காவலர்கள் நிறுத்தினார்கள். காரைக்கால் பதிவெண் கொண்ட வண்டியைக் கண்டால் உள்ளே புதுச்சேரி மலிவு விலை மது இருக்கும் என்று தமிழ்நாட்டுக் காவலர்களுக்கு ஒரு நம்பிக்கை. அது பெரும்பாலும் பொய்ப்பதில்லை.

“எல்லாரும் எறங்குங்க. என்னய்யா, ஒருத்தன் கால்லயும் செருப்பு இல்ல? மாலை போட்டிருக்கீங்களா?”

“ஆமாங்க” என்றார் அப்பா, விளக்குவதற்கு அலுப்புப்பட்டு.

“மாலை எங்க?”

அப்பா என்னைப் பார்த்தார். பேச்சாளன் பேச வேண்டிய இடம். நான் தொண்டையைச் செருமி, “ஐயா, நாங்கள் உழைப்பையே வழிபாடாகக் கொண்ட…” என்று தொடங்குவதற்குள், காவலர் ஐஸ் பெட்டியின் மூடியைத் திறந்துவிட்டார். ஐஸ் உருகத் தொடங்கியிருந்தது. அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டடி பின்வாங்கி, “போங்கய்யா, போங்க” என்றார். என் வாழ்நாளில் ஒரு வஞ்சிர மீன் என்னைவிடச் சுருக்கமாகவும் பயனுறவும் பேசியது அன்றுதான்.

மலையடிவாரச் சந்தையில் செருப்புக் கடையைத் தேடிப் பிடித்தோம். எங்கள் அத்தனை பேருக்கும் அளவில் கிடைத்தவை ஒரே வகை, நீலப் பட்டை வைத்த ரப்பர்ச் செருப்பு. பதின்மூன்று பேரும் ஒரே செருப்பில் கடையை விட்டு வெளியேறியபோது, எங்களை ஏதோ விடுதியிலிருந்து தப்பியவர்கள் என்று தெரு நினைத்திருக்கும்.

அதன் பின் மலை வந்தது. நேர்மையாகச் சொன்னால், முதலில் அதை மேகம் என்றே எண்ணினேன். நான்கு கோப்பைகள் வாங்கியவன் மலையை அடையாளம் காண நான்கு நிமிடம் ஆயிற்று.

கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கின. கடலில் மூன்று ஆள் உயரத்துக்கு அலை தூக்கிப் போட்டாலும் நின்றபடி சோறு தின்கிறவர்கள் அந்த வேனில் இருந்தார்கள். நான்காவது வளைவில் முதல் தலை சன்னலுக்கு வெளியே போயிற்று. ஏழாவதில் மூன்று தலைகள். முன்னிருக்கையில் இருந்த அப்பா திரும்பி, படகில் புதியவர்களுக்குச் சொல்லும் அறிவுரையை வழங்கினார்.

“அடிவானத்தப் பாருங்கடா. கண்ண அங்க வச்சா வாந்தி வராது.”

“எங்கண்ணே இருக்கு அடிவானம்?” என்று வெளியிலிருந்தே கேட்டார் செல்வம் அண்ணன். “எல்லாப் பக்கமும் செவுரால்ல நிக்குது.”

“துபாய்ல இப்பிடி ரோடே கெடையாது” என்றார் ஜமால் பாய். “நேரா உட்டான்னா நேரா போவும். தூங்கிக்கிட்டே ஓட்டலாம்.”

“பாய், நீ இங்க தூங்கிடாத.”

எனக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. கடல் தள்ளிய என்னை மலை ஏற்றுக்கொண்டது என்று உள்ளம் பூரித்தது. கடலர்கள் ஒவ்வொருவராக மடிந்துகொண்டிருக்க, நான் ஒருவன் நிமிர்ந்திருந்தேன். ஒரு வளைவில் பள்ளத்தாக்கு சட்டென்று திறந்தது. இதுகாறும் நான் முழங்கியதெல்லாம் உண்மை என்று சாட்சி சொல்வதுபோல் பச்சை அடுக்கடுக்காக விரிந்தது. எழுந்து நின்று, ஒரு கையை உயர்த்தி, “மானுடத்தின் நிமிர்ந்த முதுகெலும்பே!” என்று வாயைத் திறந்தேன். காலையில் தின்ற நான்கு இட்டிலிகளும் அந்தத் திறப்பைப் பயன்படுத்திக்கொண்டன.

வேன் முழுவதும் சிரித்தது. அதுவரை வாந்தி எடுத்தவர்கள்தாம் மிகுதியாகச் சிரித்தார்கள்.

விடுதி மேலாளர் பணிவான மனிதர். “சார், ரூமுல சமையல் பண்ணக் கூடாது சார்” என்றார். அப்பா, “சமையல் இல்லங்க, ரெண்டே ரெண்டு துண்டு வறுக்குறோம்” என்றார். வறுத்தது இரண்டு கிலோ. மாடி முழுவதும் கிளிஞ்சல்மேட்டின் மணம் இறங்கியது. தேனிலவுக்கு வந்திருந்த ஓர் இணை அறையை மாற்றிக்கொண்டு கீழ்த்தளத்துக்குப் போயிற்று. மேலாளர் கதவைத் தட்டினார். தட்டு ஒன்றில் நான்கு துண்டுகளை அப்பா நீட்டினார். மறுநாள் காலை அதே மனிதர் கதவைத் தட்டி, “சார், நேத்து மாதிரி இன்னைக்கும் ஏதாவது…” என்று இழுத்தார்.

இரண்டாம் நாள் ஏரிக்குப் போனோம். மிதித்து ஓட்டும் படகுகள், அன்னப்பறவைக் கழுத்து வைத்தவை. செருப்புகளைக் கரையில் வரிசையாக விட்டோம். அங்கே பணியிலிருந்தவர் எல்லோருக்கும் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டிவிட்டு, பள்ளிப் பிள்ளைகளிடம் பேசுவதுபோல் பேசினார்.

“படகுல எழுந்து நிக்கக் கூடாது. ஓரமா சாயக் கூடாது. தண்ணி ஆழம் ஜாஸ்தி, ஆனா பயப்படாதீங்க. யாருக்காவது நீச்சல் தெரியுமா?”

பன்னிரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முப்பது ஆண்டுகளாகக் கடலோடும் அப்பா, மிகுந்த அடக்கத்துடன், “ஏதோ கொஞ்சம் தெரியுங்க” என்றார். பிறகு, “எத்தன பாகம் இருக்கும்?” என்று கேட்டார். விரித்த இரு கைகளின் நீளம் எங்களுக்கு ஒரு பாகம். கடலின் ஆழத்தை நாங்கள் அதில்தான் சொல்வோம். பணியாளருக்கு அது விளங்கவில்லை. “பார்ட் எல்லாம் இல்ல சார், முழு ஏரியும் சுத்தலாம்” என்றார்.

அப்பாவும் நானும் ஒரு படகில். அவர் கால் வலிமைக்கு என் கால் ஈடுகொடுக்காததால், அன்னம் இடப்பக்கமாகவே வட்டமிட்டது. இரண்டு முறை இடித்தோம்; இரண்டு முறையும் முந்தைய நாள் அறை மாற்றிய அதே இணையை. கரையிலிருந்து விசில் பறந்தது. அப்பா கைப்பிடியை ஆட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சுக்கான்னு ஒன்னு இருக்கு. சொன்ன பேச்சுதான் கேக்கல. ஒன்ன மாதிரி.”

அந்த ஏரியில், அலை என்று சொல்லத்தக்க எதுவுமில்லாத அந்த நீரில், எனக்குத் தலை சுற்றியது என்பதையும் பதிவு செய்கிறேன்.

மதியம் ஓர் உணவகத்தில் மீன் சாப்பாடு என்று பலகை கண்டு, ஆர்வக் கோளாறால் நான் கேட்டுவிட்டேன். பரிமாறியவர், “காலைல வந்த ஃப்ரெஷ் வஞ்சிரம் சார்” என்றார். அப்பா அந்தத் துண்டை நீண்ட நேரம் பார்த்தார். இறந்தவரை அடையாளம் காட்ட அழைக்கப்பட்டவர் பார்ப்பதுபோல் பார்த்தார். “தம்பி, இது வஞ்சிரமும் இல்ல, காலைல வந்ததும் இல்ல. இது கரைய விட்டுக் கெளம்பி ஒரு வாரம் ஆச்சு. நாங்க நேத்துதான் கெளம்புனோம்” என்றார். அதன்பின் எல்லோரும் ரொட்டியும் முட்டையும் தின்றோம். கேரட்டை மட்டும் செல்வம் அண்ணன் தழையோடு வாங்கி, பத்துக் கட்டு, ஊருக்கு என்று பையில் திணித்துக்கொண்டார். எங்கள் ஊருக்கு வரும் கேரட்டுக்குத் தழை இருந்து அவர் பார்த்ததில்லையாம்.

அன்று மாலை, சால்வையைத் தலையோடு சுற்றிக்கொண்டு அவர் என்னருகே வந்து உட்கார்ந்தார்.

“தம்பி, நாளைக்கி ஒன் பேச்சு எத்தன மணிக்கு?”

போட்டி காலை பதினொரு மணிக்கு. அந்நேரத்தில் இவர்கள் தூண் பாறையைப் பார்க்கப் போகும்படி நான் ஜமால் பாயிடம் ஏற்பாடு செய்திருந்தேன்.

“சாயங்காலம் அண்ணே. அதுவும் நிச்சயமில்ல. சின்னப் பிள்ளைங்க போட்டி மாதிரிதான்.”

“இல்ல, ஒரு தடவையாச்சும் கேக்கணும்னு பார்த்தேன்” என்றார். “மலைப் பக்கமாத்தான் பேசப் போறியாமே? அப்பாவுக்குத் தெரியுமா?”

“போட்டின்னா ஏதாவது ஒரு பக்கம் பேசணும்ல அண்ணே.”

“அது சரி” என்று சிரித்தார். “கடலுக்குன்னு பேச வேற ஆளா கெடைக்காது.”

மூன்றாம் நாள். வெள்ளை வேட்டி, பட்டு ஜிப்பா, நீலப் பட்டை ரப்பர்ச் செருப்பு. அரங்கில் நூறு பேர் இருக்கலாம். எதிரணியில் கடலுக்காகப் பேச வந்தவள் பழனிப் பக்கத்து மாணவி ஒருத்தி. கடலைப் பார்த்ததுண்டா என்று மரியாதைக்குக் கேட்டேன். “இல்லைங்க” என்றாள். நான் மனத்துக்குள் கோப்பையைத் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டேன்.

அவள் பேசினாள். காணாத கடலை அவள் விவரிக்க விவரிக்க, கண்ட எனக்கே அதன் மேல் ஒரு மதிப்பு வந்தது. பின்னாலிருந்து பலத்த கைதட்டல். திரும்பிப் பார்த்தேன். வாசலில் சால்வைகளும் குரங்குக் குல்லாய்களுமாகப் பதின்மூன்று பேர், ஜமால் பாய் உட்பட. “கடலப் பத்தி நல்லா சொல்லுதுல்ல பொண்ணு” என்று யாரோ சொன்னது மேடைவரை கேட்டது. ஒருங்கிணைப்பாளர் வெளியூர் விருந்தினர் என்று எண்ணி, அவர்களை முன்வரிசைக்கே அழைத்து உட்கார வைத்தார். செல்வம் அண்ணன் எனக்கு நேரெதிரே உட்கார்ந்தார். தூண் பாறையை மூடுபனி மறைத்துவிட்டதாம். பத்து நிமிடம் வெள்ளையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்களாம்.

என் பெயரை அழைத்தார்கள்.

முதல் மூன்று நிமிடம் உறுதி, உயர்வு, அமைதி. பழகிய படிகள்; கால் தடுமாறவில்லை. நான்காம் நிமிடத்தில் கடலின் கொடுமைக்குத் திரும்ப வேண்டும். “கடல் என்ன செய்தது தெரியுமா?” என்று கேட்டுவிட்டேன். வழக்கமான இடம் அது. “என் தெருவில் ஒரு…” என்று சொல்லி, குரலை இறக்கி, ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினேன்.

செல்வம் அண்ணன் முழங்காலிலிருந்து கைகளை எடுத்தார். குல்லாயைக் காதுக்கு மேலே தூக்கிவிட்டு முன்னால் குனிந்தார்.

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு ‘பொம்மை’ என்ற சொல்லை என்னால் சொல்ல முடியவில்லை. நான்கு, ஐந்து, ஆறு என்று எண்ணிக்கை மட்டும் ஓடியது. “என் தெருவில் ஒரு… ஓர்… ஒரு செருப்பு வரிசை இருக்கிறது” என்றேன். அவை என்னை உற்றுப் பார்த்தது. வேறு வழியில்லாமல் தேங்காயிலிருந்து தொடங்கி, பன்னிரண்டு இணைச் செருப்பையும் பதின்மூன்றாவது இணையையும், வளைவுகளையும், முதுகெலும்பு உரையையும் இட்டிலியையும் சொல்லி முடித்தேன். சபை உருண்டு சிரித்தது. அப்பாவும் சிரித்தார், தொடையில் தட்டிச் சிரித்தார். ஆனால் அந்தக் கதையில் மலை உயர்ந்ததாகவும் இல்லை, கடல் தாழ்ந்ததாகவும் இல்லை. நடுவர் மணியை மூன்று முறை அடித்தபோது நான் எந்த அணி என்பதே யாருக்கும் நினைவில் இல்லை.

கோப்பை பழனிப் பெண்ணுக்கு. எனக்குப் பங்கேற்புச் சான்றிதழ். இருந்தாலும் மேடையிலிருந்து இறங்கியபோது என் தலை நிமிர்ந்தே இருந்தது. ஒரு கோப்பையை இழந்து ஒரு மனிதரின் மனத்தைக் காத்தேன் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். என் வாழ்வின் முதல் தியாகம் அது. அது ஒரு மணி நேரம் நீடித்தது.

உண்டு முடித்து மதியமே இறங்கினோம். செல்வம் அண்ணன் என் பக்கத்து இருக்கையில், கேரட் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். முதல் வளைவு வருமுன் கேட்டார்.

“ஏன் தம்பி, பாப்பாவப் பத்திச் சொல்லலியே?”

“எந்தப் பாப்பா அண்ணே?”

“நம்ம ரஞ்சனி. நீ மேடையில அவளப் பத்திப் பேசுவேன்னு ஐஸ் பிளாண்ட்டுல வேல பாக்குற ஒருத்தரு சொன்னாரே. அவரு மவன் ஒங்க காலேஜிதானே. பேசுனா எல்லாரும் அழுவாங்களாமே. அதுக்குத்தான வந்தேன். இன்னைக்கி பதினோரு மணின்னு நோட்டீசு ஒட்டியிருந்துச்சு, நான்தான் பாய வண்டியத் திருப்பச் சொன்னேன். ‘என் தெருவுல ஒரு’ன்னு ஆரம்பிச்ச பாரு, வருதுன்னு நெனச்சேன். செருப்புன்னு முடிச்சிட்ட.”

அவர் குரலில் குறையில்லை. வரிசையில் நின்று, தம் முறை வரும்போது பொருள் தீர்ந்துவிட்டதென்று கேட்ட மனிதரின் குரல் அது. மூடுபனியென்று அவர்கள் சொன்னது பொய்யில்லை. ஆனால் பனி இல்லாவிட்டாலும் அவர் வந்திருப்பார். எவர் கேட்கக் கூடாதென்று ஒரு மலையையே நடுவில் வைத்தேனோ, அவர் கேட்பதற்காகவே அந்த மலையை ஏறி வந்திருந்தார். என் தியாகத்தை வைத்துக்கொள்ள எனக்கு இடம் தெரியவில்லை.

“இப்ப சொல்லேன்” என்றார். “மைக்கு இல்லன்னா பரவால்ல.”

முன்னிருக்கையில் அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் ஜமால் பாய் வண்டியில் போட்டிருந்த பாட்டை அவர்தான் நிறுத்தினார்.

நான் சொன்னேன். குரலை இறக்கவில்லை, இறக்க வேண்டிய தேவையின்றி அது தானே இறங்கியிருந்தது. “என் தெருவில் ஒரு குழந்தை இருந்தாள். ஐந்தே வயது…”

“அஞ்சா?” என்றார் செல்வம் அண்ணன். “எட்டு தம்பி. மூணாவது படிச்சா.”

ஐந்து என்றால் அவை கூடுதலாக உருகும் என்று குறைத்திருந்தேன். இப்போது அதை விளக்க வழியில்லை. “கையில் ஒரு பொம்மை…”

“பொம்மையா? அவ எங்க பொம்ம வச்சிருந்தா? அன்னைக்கி நான் கடலுக்குப் போயிருந்தேன்ல, என் பழைய டார்ச் லைட்ட எடுத்துக்கிட்டுப் போயிருக்கா. பேட்டரி போடணும்னு கடைக்கி. அப்பா வந்து கேட்டா எரியணும்னு.”

“அந்த டார்ச்சத்தான் அவ ராத்திரியெல்லாம் எங்க வீட்டுக்குள்ள அடிப்பா” என்றது பின்னிருக்கைக் குரல். “கண்ணு கூசும்.”

“‘மழலை பேசும் மெல்லிய குரலாள்’ என்று வரும்…” என்றேன், வெட்கத்துடன்.

வேன் முழுவதும் மறுத்தது.

“மெல்லிய கொரலா? அவ கூப்புட்டா முகத்துவாரத்துல கேக்கும்டா.”

“ஒன் சைக்கிள் சீட்டக் கிழிச்சது யாருன்னு நெனச்ச? அவதான்.”

“முன்னாடி பல்லு ரெண்டும் கெடையாது. அதச் சொல்லு.”

சான்றிதழைத் திருப்பி வைத்து, பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினேன். எட்டு. டார்ச் லைட். முன்பல் இல்லை. சைக்கிள் சீட். ஒவ்வொரு வளைவிலும் எழுத்து ஒரு பக்கம் சரிந்தது. திருத்தம் சொல்கிறவர்கள் ஒருவரையொருவர் திருத்தினார்கள். செல்வம் அண்ணன் எல்லோரையும் திருத்தினார். இரண்டு முறை அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு அவரே தொடங்கினார். அப்பா ஒரே ஒரு திருத்தம் சொன்னார், முன்னால் பார்த்தபடியே: “அவ படகுல ஏறுனா செருப்பக் கழட்ட மாட்டா. எத்தன தடவ சொல்லியும்.”

அதையும் எழுதினேன்.

செருப்பு வாங்கிய அதே சந்தையில், தேநீருக்கு நிறுத்தியபோதுதான் ஜமால் பாய் கேட்டார்: “என்னங்கடா, ஒருத்தனும் வாந்தி எடுக்கல?” அத்தனை வளைவுகளையும் இறங்கி வந்திருந்தோம். யாரும் அவற்றைக் கவனிக்கவில்லை.

செல்வம் அண்ணன் சான்றிதழை வாங்கி, படிப்பதுபோல் சிறிது நேரம் பிடித்திருந்தார். அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும். முதல் சொல்லின் மேல் விரலை வைத்து, ‘எட்டு’ என்று வாசித்துப் பார்த்துக்கொண்டார். பிறகு திருப்பித் தந்தார்.

“மைக்கு இல்லாமயே நல்லாத்தான் இருந்துச்சு” என்றார். தேநீரை ஊதி ஒரு வாய் குடித்தார். “ஆனா மைக்குல சொன்னா இன்னும் கொஞ்ச தூரம் கேக்கும்ல தம்பி?”